சேலியமேட்டுக்குப் போகும் வழி

பிரான்சில் தூர் நகருக்கு அருகே குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் சில நிழற்படங்களை அனுப்பியிருந்தார். லுவார் ஆறு, அதன் கரைமேல் ஒரு பாதை, பாதையோரத்தில் சாய்த்து நிறுத்திய இரண்டு மிதிவண்டிகள், அப்பால் கோதுமை வயல். வார இறுதியில் மனைவியும் அவருமாக ஆற்றோரக் கிராமங்களைச் சுற்றிவிட்டு மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறார்களாம். கடிதத்தின் இறுதியில் ஒரு கேள்வி: “அம்மா, நானும் பாகூர்க்காரன்தான். நம் ஊரிலும் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன, பிரெஞ்சுக்காரர்கள் அங்கும் ஆண்டார்கள். ஆனால் நான் ஒருநாளும் என் ஊரை இப்படிச் சுற்றிப் பார்த்ததில்லையே, ஏன்?”

பதில் எழுதச் சில மாதங்கள் ஆயின. எழுதத் தொடங்கியபோது அது அவருக்கு மட்டும் உரிய பதிலாகத் தோன்றவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

லுவார் பள்ளத்தாக்கைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது பிரான்சின் மிக நீளமான ஆறு. அதன் கரையில் அமைந்த அரண்மனைகளும் சிற்றூர்களும் கொண்ட நெடும்பகுதியை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபிடமாக அறிவித்தது. ஆற்றை ஒட்டிக் கடல் வரைக்கும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டி வழி அடையாளப்படுத்தப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும், கோடிக்கணக்கில் செலவிட்டுப் புதிதாகப் போட்ட பாதை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வழியின் பெரும்பகுதி முன்பே இருந்த சிற்றூர்ச் சாலைகளும், வெள்ளத்தைத் தடுக்க இடைக்காலம் தொட்டு எழுப்பப்பட்டுவந்த மண்கரைகளுமே. அவர்கள் இருந்ததைப் பார்த்தார்கள், பெயரிட்டார்கள், வழிகாட்டிப் பலகை நட்டார்கள், கனத்த வண்டிகளை வேறு பக்கம் திருப்பினார்கள். நம்மிடம் இல்லாதது எதுவென்று கேட்டால், ஆறுமில்லை, கரையுமில்லை, சாலையுமில்லை. இருந்ததைப் பார்க்கும் அந்த முதற்செயல்தான்.

புதுச்சேரி என்றதும் வெளியூர் நண்பர்களுக்குக் கடற்கரைச் சாலையும், மஞ்சள் சுவர்களும், பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களுமே நினைவுக்கு வருகின்றன. இலக்கியம் அறிந்தவர் எனில் பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர், பிரபஞ்சனின் நாவல்கள் நிகழும் ஊர் என்பார்கள். எல்லாம் நகரம். நகரத்துக்கு வெளியே மேற்கிலும் தெற்கிலும் வயலும் ஏரியுமாகக் கிடக்கும் நிலத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொல் ஒன்று இன்னும் வழங்குகிறது: கொம்யூன். 1880இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையால் வந்த ஏற்பாடு அது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்று அலுவலகப் பலகைகளில் இன்றும் எழுதியிருக்கிறது. லுவார் கரையில் என் மாணவர் கடந்துசெல்லும் ஒவ்வொரு சிற்றூரும் ஒரு கொம்யூன்தான். பெயர் ஒன்று, பார்வை வேறு.

அந்தச் சுற்றை நான் பலமுறை மிதிவண்டியில் போய் வந்திருக்கிறேன். கார்த்திகை முடிந்து மழை ஓய்ந்ததும் தொடங்கி மாசி வரைக்கும் அதற்கு ஏற்ற காலம். மற்ற மாதங்களில் வெயில் விடாது. விடியுமுன் வில்லியனூரிலிருந்து புறப்பட்டால் முற்பகலில் திரும்பிவிடலாம்.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அதே ஊரில் 1877இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் உண்டு. பிரான்சின் தென்மேற்கு மூலையில் 1858இல் ஒரு சிறுமி கண்ட காட்சியின் பெயரால், இருபது ஆண்டுகளுக்குள் இங்கே ஒரு கோயில். ஊரை விட்டு வெளியே வந்தால் சங்கராபரணி. செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து வரும் இந்த ஆற்றைச் செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள். கரையில் திருக்காஞ்சி. மாசி மகத்தன்றும், 2023இல் நடந்த புஷ்கரணி விழாவின்போதும் மக்கள் திரண்ட படித்துறைகளில், மற்ற நாட்களில் துணி துவைப்பவர்களையும் தூண்டில் போடுபவர்களையும் காணலாம்.

தெற்கே உள்வாங்கினால் கீழூர். இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டு மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு நிறைவேற 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பேரரசின் எச்சம் வயல்களுக்கு நடுவே இருந்த சிற்றூரில் கணக்குத் தீர்க்கப்பட்டது. நினைவிடம் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை விழா எடுக்கிறார்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் வருவோர் குறைவு.

இந்த வழியில் போகும்போது, எந்தக் கணத்தில் புதுச்சேரியில் இருக்கிறோம், எந்தக் கணத்தில் தமிழ்நாட்டில் இருக்கிறோம் என்பது புதியவருக்கு விளங்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களிலும் பேரங்களிலும் துண்டு துண்டாகக் கைமாறிய நிலம் இது. ஒரு பக்கத்து வயல் ஓர் அரசுக்கு, எதிர்ப் பக்கத்து வயல் இன்னோர் அரசுக்கு. 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பாகூரில் மோதிக்கொண்டது வரலாற்று நூல்களில் இருக்கிறது. எல்லைக்கோட்டை இன்று உறுதியாக அறிவிப்பவை சாராயக்கடைகள் மட்டுமே.

கரிக்கலாம்பாக்கம் தாண்டிப் பாகூர் வந்தால் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இதுவே. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இங்கு வந்து சேர்கிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு பெண்கள் தம் செல்வத்தைக் கொடுத்து இவ்வாய்க்காலை வெட்டுவித்ததாக ஊரார் சொல்வார்கள். புதுச்சேரி நகருக்கு நீர் தந்த ஆயிக்கு நகரின் நடுவே வெள்ளை மண்டபம் இருக்கிறது. பாகூருக்கு நீர் தந்த இவ்விருவருக்கும் வாய்க்காலே மண்டபம்.

தமிழ் படித்தவர்களுக்குப் பாகூர் இன்னொரு வகையில் முக்கியமானது. 1879இல் கிடைத்துப் பின்னர் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த செப்பேடுகள் இவ்வூருக்கு உரியவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கிருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, இன்றைய சொல்லில் ஒரு கல்லூரிக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை சொல்கின்றன. ஒரு கல்லூரி ஆசிரியை என்ற முறையில் அந்த ஏரிக்கரையில் நிற்கும்போது எனக்குள் ஏதோ அசைவது உண்மை.

அக்காலக் கொடைச் சாசனங்களில் ஒரு முறை உண்டு. ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்தால் நாட்டார் அதன் எல்லையைச் சுற்றி நடந்துவருவார்கள், எல்லையில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிற்காலச் சோழர் சாசனங்களில் பெண்யானையை நடத்தி எல்லை சூழ்ந்ததையும் காண்கிறோம். நிலம் ஓலையில் எழுதப்படுவதற்கு முன் காலால் அளந்து அறியப்பட்டது. சுற்றி வந்தவனுக்கே ஊரின் எல்லை தெரியும் என்ற எளிய அறிவு அதில் இருக்கிறது. நாங்கள் மாணவர்களுக்குச் சாசனத்தைக் கற்பிக்கிறோம். சுற்றி நடப்பதைக் கற்பிப்பதில்லை.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மருதத்திணையின் கருப்பொருள்களை விளக்குக என்று ஒரு வினா கொடுத்திருந்தேன். பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, பாடநூலில் உள்ள பட்டியலைப் பாதிகூட எழுதவில்லை. அதற்குப் பதிலாக நாற்றங்கால் விடுவது, சேடை ஓட்டுவது, அண்டை வெட்டுவது, நடவுக்கு மறுநாள் வயலில் வந்து இறங்கும் கொக்கும் நாரையும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நான் அவளுக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். பட்டியலைப் பிழையின்றி ஒப்பித்த, நாரையை நிழற்படத்தில் மட்டுமே கண்டிருந்த இன்னொரு மாணவருக்கு ஒன்பது போட்டேன். விடைத்தாளைத் திருப்பித் தந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேர்வில் அவளும் பட்டியலை ஒப்பித்திருந்தாள். ஒன்பது வாங்கினாள். அந்த ஒன்பதைப் போல என்னைச் சுட்ட மதிப்பெண் வேறில்லை.

பாகூரிலிருந்து திரும்பும் வழியில் சேலியமேடு. கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர். 1915இல் வில்லியனூரில் பிறந்தவர், பாரதிதாசனிடம் பயின்றவர், ஆசிரியராகப் பணி செய்தவர், 1974இல் மறைந்தவர். ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’, ‘எழிலோவியம்’, ‘தொடுவானம்’ முதலிய நூல்களைத் தந்தவர். பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் இடைப்பட்ட நிலம்தான் அவர் பாடிய வயலும் வானமும். அதாவது நான் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தச் சுற்று ஒரு கவிஞனின் வாழ்க்கை வட்டம்.

அவரைத் ‘தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்’ என்று பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. பாராட்டும் நோக்கத்தில் சொன்னதுதான். ஆயினும் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிகளைத் தேடி உலகெங்கிலுமிருந்து வாசகர்கள் இங்கிலாந்தின் வடமேற்குக்குப் போகிறார்கள், அவர் நடந்த வழிகளில் நடக்கிறார்கள். அவர் பெயரை நாம் கடன் வாங்கினோம், அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கவில்லை. வாணிதாசனின் பாடலை மனப்பாடம் செய்த மாணவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். சேலியமேட்டுக்குப் போய்வந்தவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டபோது, அந்த ஊர் வழியாகப் பேருந்தில் வருகிற இருவர் கை தூக்கினார்கள். அவர்களுக்கும் அது கவிஞரின் ஊர் என்று தெரியாது.

இதுவரை படித்தவர்கள், ‘வில்லியனூர்–பாகூர் மிதிவண்டிச் சுற்றுலா’ ஒன்றை அரசு தொடங்க வேண்டும் என்று நான் கோரப்போவதாக எண்ணக்கூடும். இல்லை. அப்படியொரு திட்டம் வந்தால் முதலில் வளைவு கட்டுவார்கள், பிறகு தங்கும் விடுதி வரும், ஏரிக்கரையில் சிமெண்டு நாற்காலிகளும் வண்ண விளக்குகளும் வரும், கடைசியில் ஏரி ஒரு பின்னணித் திரையாகிவிடும். எனக்கு அச்சம் தருவது அதுவே.

என் கோரிக்கை வேறு. அதற்கு ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு தை மாதக் காலையில், நெல் அறுவடைக்கு நின்ற வயல்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மணல் லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டே உரசுவதுபோல் கடந்தது. நான் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, கண்ணாடி உடைந்தது, வேறொன்றுமில்லை. களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி தூக்கிவிட்டாள். “ஓரமாப் போயிருக்கக் கூடாதா தாயி” என்றாள். பிறகு சாலையைத் திரும்பிப் பார்த்து அவளே சொன்னாள்: “ஓரமே இல்லாத ரோட்டுல எங்கேருந்து ஓரமாப் போறது.”

அந்தச் சொல்லுக்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நம் கிராமச் சாலைகள் அகலமாகின்றன, ஓரங்கள் மறைகின்றன. அகலப்படுத்துவதற்காகப் புளியமரங்கள் போயின, நிழலும் போயிற்று. தார் முடியும் இடத்தில் பள்ளம் தொடங்குகிறது. காலையில் அந்தச் சாலையில் மிதிவண்டியில் போகிறவர்கள் யார்? பால்காரர், பள்ளிக்குப் போகும் சிறுமிகள், கொத்துவேலைக்குப் போகிறவர்கள், வில்லியனூரில் மண்பாண்டமும் சுடுமண் பொம்மையும் செய்யும் பட்டறைகளுக்குப் போகிறவர்கள். லுவார் கரையில் அடையாளப்படுத்த வேண்டியிருந்த மிதிவண்டிச் சுற்று இங்கே நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர்கள் பயணிகள் அல்லர், உழைப்பவர்கள். அதனாலேயே அது நம் கண்ணில் படவில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். “வேறு வழியில்லாமல் மிதிப்பவனுடைய சிரமத்தை நீங்கள் அழகாக்குகிறீர்கள். அவனுக்குக் கையில் காசு வந்தால் முதல் வேலையாக மோட்டார் சைக்கிள் வாங்குவான்” என்றார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. யாரும் மிதிவண்டியிலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்களே, அவர்களுக்கு அது வறுமையின் சின்னமாகவா இருந்தது? கணவனையோ அண்ணனையோ எதிர்பாராமல் வேண்டிய இடத்துக்குப் போகும் உரிமையாக இருந்தது. நாற்பது வயதைக் கடந்து, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு மீண்டும் மிதிவண்டி ஏறிய எனக்கு அந்த உரிமையின் சுவை தெரியும். சிரமம் மிதிப்பதில் இல்லை. அஞ்சி அஞ்சி மிதிப்பதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் அதே லாரியின் ஓரத்தில்தான் அவன் போயாக வேண்டும்.

நிலமும் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். போகும் வழியெல்லாம் வயல்களில் வண்ணம் பூசிய கற்கள் நடப்பட்டிருக்கின்றன, மனைக்கற்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி தழைக்க எல்லையில் கல் நட்டார்கள். இன்று வயல் முடிந்ததென்று அறிவிக்கக் கல் நடுகிறோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூரிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணையும், வீடூரிலிருந்து திறந்த நீரால் சங்கராபரணியும் கரை மீறின. பாகூர்ப் பகுதியின் ஊர்கள் நீரில் நின்றன. ஆறு தன் பழைய இடங்களைத் தேடி வந்தது என்று ஒரு விவசாயி சொன்னார். அந்த இடங்கள் எவை என்று நமக்குத் தெரியாமல் போனது, நாம் அவற்றைச் சுற்றி நடக்காததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரைபடத்தில் நீலக் கோடாக இருப்பதற்கும், வரப்பில் நின்று நீர் வரும் திசையைப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்றே. கொம்யூன் பஞ்சாயத்துகள் இந்தச் சாலைகளுக்கு ஓர் ஓரம் தரட்டும். மிதிவண்டியும் நடப்பவரும் போக ஒரு முழ அகலம் கெட்டித்த மண், அதை ஒட்டி நிழல் மரம். பள்ளி விடும் நேரங்களில் கனத்த லாரிகள் அவ்வழி வராமல் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது, தமிழ்த் துறைகள் ஆண்டுக்கு ஒருநாள், தை மாதத்தில், மாணவர்களை இந்தச் சுற்றில் அழைத்துச் செல்லட்டும். திணையை அங்கே கற்பிக்கட்டும். வழியில் களத்தில் நிற்பவர்களைப் பேசச் சொல்லி மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும், ஆசிரியர்களும்தான். மூன்றாவது, சேலியமேட்டுச் சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகைக்குக் கீழே வாணிதாசனின் பெயர் ஒரு வரியாக இருக்கட்டும். வளைவு வேண்டாம், சிலையும் வேண்டாம்.

இவற்றில் இரண்டாவதை நான் தொடங்கிவிட்டேன். சென்ற தையில் ஒன்பது மாணவர்கள் வந்தார்கள். நான்கு பேருக்கு வண்டி இரவல். பங்காரு வாய்க்கால் கரையில் ஒரு பெரியவர் மடை திறக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை, அவரிடம் இருந்தது. இந்த ஆண்டு மருதத்திணை வினாவுக்கு வந்த விடைகளில் பட்டியல் குறைந்திருக்கிறது. மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் ஊரை நீ சுற்றிப் பார்க்காததற்குக் காரணம் உன்னிடம் இல்லை. சுற்றிப் பார்க்கத் தக்கது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது தை மாதமாகப் பார்த்து வா. வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். லாரி வந்தால் மட்டும் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். சாலைக்கு ஓரம் இன்னும் வரவில்லை.